வில்சன் நோய்: டார்ச் வெளிச்சத்தில் முடிவெடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். கை நடுங்கும் இளம்பெண். உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோயாக இருக்குமோ என்று சந்தேகம். "கே.எஃப். வளையம் இல்லை" என்று பயிற்சி மருத்துவர் எழுதியிருந்தார். இந்த நோயில் செம்பு படிந்து கண்ணில் உண்டாகும் கெய்சர்-ஃபிளெய்ஷர் வளையத்தைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வோம். "எதை வச்சுப் பார்த்தீங்க?" என்றேன். "டார்ச் அடிச்சுத்தான் சார்." எனக்குச் சுருக்கென்றது. அதே வரியை நானும் ஒருகாலத்தில் எழுதியிருக்கிறேன்.

டார்ச்சில் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதுவது

செம்பு படிவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலமான கார்னியாவின் உட்புற ஓரத்தில். முதலில் மேல் விளிம்பில் பிறை போலத் தொடங்கும். அந்த இடத்தை மேல் இமை மறைத்துக்கொண்டிருக்கும். கண்மணியைச் சுற்றிக் கரும்பழுப்பு நிறம் இருந்தால், பழுப்புப் பொன் வளையம் அதிலேயே கரைந்துபோகும். ஸ்லிட் லேம்ப்பில், அதாவது மெல்லிய ஒளிக்கீற்றும் நுண்ணோக்கியும் சேர்ந்த கருவியில், கண் மருத்துவர் பார்த்தால்தான் அது பரிசோதனை.

நான் பார்த்தது பதினாறு வயதுப் பையன். அவனுடைய நோட்டை அம்மா கொண்டுவந்திருந்தார். முதல் பக்கங்களில் உருண்டை எழுத்து. கடைசிப் பக்கங்களில் கோடு தாண்டிச் சரியும் கிறுக்கல். பேச்சு குழறியது, எச்சில் வடிந்தது. படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று வீட்டில் அடித்தும் இருக்கிறார்கள். டார்ச் அடித்தேன், "இல்லை" என்று எழுதினேன்.

நரம்பு அறிகுறி வந்த வில்சன் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வளையம் இருக்கும். அதனால்தான் அந்த "இல்லை"க்கு அத்தனை கனம். அடுத்தவர் அதை நம்பினார், அதற்கடுத்தவர் பிரதியெடுத்தார். மனநோய் என்று முடிவாகி மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு இன்னும் விறைத்தது. ஏழு மாதம் கழித்து ஸ்லிட் லேம்ப்பில் வளையம் முழுவட்டமாகத் தெரிந்தது. சிகிச்சையில் நடை திரும்பியது. பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஏழு மாதம் என் ஒரு வரியால் போனது.

ஸ்லிட் லேம்ப் பார்க்கவில்லையா? "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள்.

ரத்தத்தில் செம்பு குறைவு, எனவே வில்சன் இல்லை

தலைகீழ். ரத்தச் செம்பில் பெரும்பங்கைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற புரதம். இந்த நோயில் அது குறைவதால் மொத்த அளவும் குறையும். செருலோபிளாஸ்மின் இயல்பாக இருந்தாலும் விட்டுவிட முடியாது, அழற்சியிலும் கர்ப்பத்திலும் அது ஏறும். 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

முதல் நாளே முழு அளவு பெனிசிலமின்

1956-இல் ஆங்கிலேய மருத்துவர் வால்ஷ் அறிமுகப்படுத்திய, செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இந்த மருந்து எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனால் நரம்பு அறிகுறி உள்ளவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் நிலைமை மோசமாகும், சிலருக்கு அது மீளாது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நன்றாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்துவது

கூடாது. கர்ப்பத்திலும் கூடாது.

உடன்பிறந்தவர்களை மறப்பது

ஏ.டி.பி.7பி மரபணுவின் பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஆகவே கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. அந்தப் பையனின் தங்கைக்குப் பன்னிரண்டு வயது, ஓர் அறிகுறியும் இல்லை. பரிசோதனையில் நோய் உறுதியானது. குடல் செம்பை உறிஞ்சாமல் தடுக்க அன்று தொடங்கிய துத்தநாக மாத்திரையை இன்றும் வெறும் வயிற்றில் போடுகிறாள். கை நடுங்கியதே இல்லை.