பனிமூட்டத்திலும் வாசிக்க வரும் பேனர்: கலர் தேர்வு செய்வது எப்படி

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ், டியூஷன் போஸ்டர், பூப்புனித நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால் போகிறது. தொழில் பழக வரும் தம்பி, தங்கச்சிமாருக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: எந்தக் கலர் என்று யோசிப்பதற்கு முன்னால், எது வெளிர், எது இருட்டு என்று பாருங்கள்.

ஒரு கலருக்கு மூன்று குணம். சிவப்பா நீலமா என்பது நிறம். வெளிறியிருக்கிறதா இருண்டிருக்கிறதா என்பது வெளிச்சம். பளபளவென்று இருக்கிறதா மங்கியிருக்கிறதா என்பது செறிவு. இந்த மூன்றையும் தனித்தனியே அளக்கும் முறையை அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் புத்தகமாகவே போட்டார். "பளிச்சுன்னு போட்டுத் தாங்கண்ணே" என்று கேட்டு வருகிறவர் மனதில் இருப்பது செறிவு. அவர் பேனரைத் தூரத்திலிருந்து வாசிக்க வைப்பது வெளிச்ச வித்தியாசம்.

அம்மன் கோயில் பேனர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து வேண்டும் என்கிறார்கள் கமிட்டிக்காரர்கள். இரண்டும் மங்களமான கலர். ஓவியர்கள் பாவிக்கும் கலர் வட்டத்தில் எதிரெதிரே நிற்பவை என்பதால் நன்றாகத் தெரியும் என்றுதான் தோன்றும். ஆனால் கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் 0 முதல் 255 வரை எண்ணாகக் கொடுப்போமே, அதில் 255, 0, 0 என்ற சிவப்புக்கும் 0, 128, 0 என்ற பச்சைக்கும் வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய 1.3க்கு 1தான். இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி விதி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 கேட்கிறது. எழுத்தின் ஓரம் கண்ணுக்குள் துடிக்குமே தவிர வாசிக்க வராது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் எழுத்து இருப்பதே தெரியாமல் போகலாம். அதே சிவப்பை 128, 0, 0 வரை இருட்டாக்கி மெரூன் பின்னணியாகப் போட்டு, மேலே தூய மஞ்சளில் எழுதினால் 10க்கு 1 வருகிறது. பச்சையை வாழைமரத்துக்கும் மாவிலைத் தோரணத்துக்கும் கொடுத்துவிடலாம். மங்கள காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்பவர்களுக்கும் இந்த மெரூனோ கருநீலமோ போதும்.

டிசைன் முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து கிரேஸ்கேல் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். கலரெல்லாம் போன பிறகும் தலைப்பு, தேதி, இடம் மூன்றும் வாசிக்க வந்தால் பாதி வேலை முடிந்தது. போட்டோஷாப்பில் இதற்குச் செறிவை நீக்கும் டீசச்சுரேட்டை மட்டும் அழுத்த வேண்டாம். அதில் தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே சாம்பலாக வரும். கண் அப்படிப் பார்ப்பதில்லை.

நம் ஊருக்கு இது இன்னும் கட்டாயம். மூட்டம் இறங்கினால் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்து எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளைத் திரை போடுகின்றன. இருட்டான கலரும் வெளிறி, வித்தியாசம் சுருங்கிவிடும். வெளிர் ரோஸில் வெள்ளை எழுத்து கடைக்குள் அழகாக இருக்கும். நானுஓயா ரோட்டில் ஒரு மூட்டத்துக்குத் தாங்காது. அந்தி நேரத்தில் இன்னொன்று நடக்கும்: வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு சீக்கிரம் கறுத்துப்போகும், நீலமும் பச்சையும் அவ்வளவு மங்காது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 1819இல் கவனித்தது இது. அதனால் சிவப்பை எழுத்துக்குக் கொடுக்கத் தயங்குங்கள். சுற்றிலும் தேயிலை இருக்கும் இடத்தில் பச்சைப் பின்னணியும் வேண்டாம், பேனர் மலையோடு மலையாகப் போய்விடும்.

இனி பக்கத்துக் கலரின் வேலை. பாரிஸில் கோபலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் கலர்தான் அப்படிக் காட்டுகிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதினார். ஒவ்வொரு கலரும் தன் எதிர்க் கலரின் சாயலைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றும்.

பூப்புனித நீராட்டு பேனரில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளையின் படத்துக்குப் பின்னால் கடும் ரோஸ் போட்டால் முகத்தில் லேசாகப் பச்சை ஓடும், களைப்பாகத் தெரியும். உடனே வீட்டுக்காரர், "பிள்ளையக் கொஞ்சம் வெள்ளையாக்கிருங்க" என்பார். நான் முகத்தைத் தொடுவதில்லை. பின்னணியைக் கரும்பச்சை கலந்த நீலமாக மாற்றிக் காட்டுவேன். அதன் எதிர்ச் சாயலான செம்மை மாநிறக் கன்னத்தில் ஏறும். தாய் அப்போது திரையைப் பார்க்கும் பார்வைக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம். தன் சொந்த நிறத்தில் அந்தப் பிள்ளை பேனரில் நிற்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மற்றக் கலர்களைப் படத்திலிருந்தே எடுங்கள். படத்திலிருந்து கலரை எடுக்கும் கருவியான ஐட்ராப்பரைச் சாரிக் கரையில் வைத்து ஒன்று, மாலையிலிருந்து ஒன்று. ஒன்று பெரும்பகுதியை ஆள வேண்டும், மற்றது அங்கங்கே வந்தால் போதும். தேர்தல் நேரம் என்றால் பச்சை, நீலம், சிவப்பு ஒவ்வொன்றும் ஒரு கட்சியாகத் தெரியும், கவனம்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் கலர் காட்டுகிறது. பிரிண்டர் சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு மையில் அடிக்கிறது. திரையில் மின்னும் நியான் பச்சை மையில் வராது. ஆரம்பத்திலேயே இந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே மோடுக்கு மாற்றி வேலை செய்யுங்கள். நோட்டீஸின் சின்ன எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு மையும் சேர்ந்தால் ஒரு நூல் விலகினாலும் எழுத்து இரட்டையாகிவிடும்.

முழுப் பேனரையும் ஓட்டுவதற்கு முன் ஒரு முழத் துண்டு அடித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், முடிந்தால் அந்தியிலும். மெரூன் கூடுதலாக இருட்டியிருந்தால் கறுப்பு மையைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து மறுபடி அடியுங்கள்.