டைவ் கம்ப்யூட்டர் வந்தாச்சு, டேபிள் எதற்கு? புதியவர்கள் செய்யும் தவறுகள்

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் அச்சிட்ட அட்டவணைதான் டேபிள். நீருக்கடியில் அதைத் தானே கணக்கிட்டுக் காட்டும் கைக்கருவி டைவ் கம்ப்யூட்டர். ஸ்கூபா கற்பவர்களில் பலர், கையில் டைவ் கம்ப்யூட்டர் ஏறியதும் டேபிளை ஓரங்கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரோடு டைவ் செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது எதைக் கணக்கிடுகிறது என்று தெரியாமலே, இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று திரையில் வரும் எண்ணை நம்புவது பெரிய தவறு.

ஸ்கூபா பயிற்சி தரும் பேடி (PADI) அமைப்பின் டேபிளை எடுங்கள். 17 மீட்டர் இறங்கினால் 18 மீட்டர் வரிசையைப் பார்க்க வேண்டும். முதல் டைவுக்கு அதிகபட்சம் 56 நிமிடம். முழு நேரமும் நீங்கள் 18 மீட்டரிலேயே கிடந்ததாக அது எடுத்துக்கொள்ளும். நீங்களோ 17 மீட்டரில் பத்து நிமிடம் இருந்துவிட்டு, மீதி நேரத்தை 10 மீட்டரில் பவளப்பாறை ஓரமாகக் கழித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் சில வினாடிக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து உடலில் ஏறி இறங்கும் நைட்ரஜனைக் கணித்துக்கொண்டே போகும். அது அளவுக்கு மீறினால் மேலேறும்போது ஆபத்து, அதற்குத்தான் இந்த நேர வரம்பு. அதனால் கூடுதல் நேரம் தரும். சரி, அந்தக் கூடுதல் நேரம் டேபிளில் நம்மை அறியாமலே கையிருப்பாக இருந்ததுதான். அதையும் செலவழித்து, எண் 0 ஆகும்வரை கீழே இருக்காதீர்கள். சில நிமிடங்கள் மிச்சமிருக்கும்போதே மேலேறத் தொடங்குங்கள்.

அப்புறம், இருவருக்கு ஒரு கம்ப்யூட்டர். இது கூடவே கூடாது. நண்பர் 18 மீட்டரில் மிதக்கிறார். நீங்கள் ஒரு நண்டைப் பார்க்க இரண்டு மீட்டர் கீழே போய் அங்கேயே நிற்கிறீர்கள். டேபிளில் 20 மீட்டருக்கு 45 நிமிடம்தான். பதினொரு நிமிட வித்தியாசம், அவர் கையிலுள்ள கருவிக்கு அது தெரியாது. முந்தைய டைவின் நைட்ரஜனும் ஆளுக்கு ஆள் வேறு. இதே காரணத்தால்தான் காலையில் டேபிளை வைத்து ஒரு டைவ் போய்விட்டு, மதியம் புதுக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் ஆபத்து. அதற்கு அது உங்கள் முதல் டைவ்.

குளிர், களைப்பு, உடலில் நீர் குறைந்திருப்பது, இவற்றைப் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று) சிலிண்டர் என்றால் ஆக்ஸிஜன் விகிதத்தை நீங்கள்தான் சரியாக அமைக்க வேண்டும். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதும் வேறு கணக்கு. புதியவர்களுக்கு நேர வரம்புக்கு முன்பே காற்று தீர்ந்துவிடுவது வழக்கம்.

மேலேறும் வேகம் அதிகமானால் கம்ப்யூட்டர் கத்தும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது நல்ல வேகம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். நடுவில் கருவி செத்துப்போனாலும் இதையே செய்து மெதுவாக வெளியேறுங்கள். அன்றைக்கு வேறு டைவ் வேண்டாம்.

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில், அடுத்த டைவுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டும் பிளான் மோட் இருக்கிறது. முதல் டைவ் முடிந்து படகில் ஏறியதும் அதைத் திறந்து, 18 மீட்டருக்கு எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பக்கத்தில் டேபிளையும் விரித்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்த எண் ஏன் கூடியது என்பது உங்களுக்கே விளங்கும்.