தீயணைப்பு நிலையத்தில் பேக்பைப் குழு: முதலில் எதை வாங்குவது?

பையோடு கூடிய பைப்பை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். ஆளுக்கொரு பிராக்டிஸ் சாண்டர் (பையில்லாமல் வாயால் ஊதி விரல் பழகும் துளைக்குழல்) போதும். ஒன்பதே சுரங்கள்தான், ஆனாலும் விரல் படிய ஆறு மாதமாவது பிடிக்கும். ஷிப்டு வேலைக்காரர்களுக்கு இன்னும் கூடும். ஆறு பைப், மூன்று சைடு டிரம், ஒரு டெனர் டிரம், ஒரு பேஸ் டிரம் இருந்தால் அணிவகுப்புக்குப் போகலாம்.

கடலூர், புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரத்தில் நாணல் ரீட் (குழலுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாக்கு) ஊறி சுருதி தடுமாறும். ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும் டிரோன் குழல்கள் மூன்றுக்கும் செயற்கை ரீட் போடுங்கள். விரல் வைத்து வாசிக்கும் சாண்டர் குழலுக்கு மட்டும் நாணல். வாசித்ததும் கழற்றிக் காற்றாட வையுங்கள். மர இணைப்பு உப்பி இறுகினால் முறுக்கி இழுக்காதீர்கள், விரிசல் விடும். ஈரம் காய்ந்தபின் இணைப்பில் சுற்றிய நூலில் சில சுற்றைக் குறையுங்கள். பித்தளை பேண்டோடு சேர்த்து வாசிக்கும் ஆசை வேண்டாம். இன்றைய சாண்டர்கள் பெரும்பாலும் பித்தளை வாத்தியங்களின் பி ஃபிளாட் சுரத்துக்குச் சற்று மேலே ஒலிப்பவை, சுருதி சேராது.