குரங்கும் பன்றியும் வரும் மலையடித் தோட்டம்: செய்யக்கூடாதவை

பினாங்கில் தண்ணீர்மலை, ஆயர் ஈத்தாம், பாலிக் புலாவ் பக்கம் காட்டை ஒட்டித் தோட்டம் போட்டால் குரங்கு வரத்தான் செய்யும். வந்தால் தின்ன ஒன்றும் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

பப்பாளியை மரத்திலேயே பழுக்க விடாதீர்கள். காயின் அடிமுனையில் ஒரு மஞ்சள் கீற்று தெரிந்ததுமே பறித்து, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். வாழைக்காயின் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால் தாரை வெட்டலாம். ஒருமுறை ருசி கண்ட கூட்டம் அடுத்த காய்ப்புக்கும் வரும்.

தோட்டத்துச் சாமிக்குப் படைத்த வாழைப்பழத்தையும் உடைத்த தேங்காயையும் அப்படியே விட்டு வருவதும் குரங்கை அழைப்பதுதான். பூசை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். குரங்குக்குப் போட்டால் புண்ணியம் என்று நினைத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத் தொல்லை. சோறு, மீன் முள், பழத்தோலை உரக்குழியில் திறந்து போடாமல், மூடி இறுகும் குப்பைத் தோம்பில் போடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, அகலக் கண் நைலான் வலையை மரத்தின்மேல் தளர்வாகப் போர்த்துவது. சுண்டுவிரல் நுழையும் கண்ணில் பாம்பும் நுழையும். பாதி உடம்பு போனபின் செதில்கள் மாட்டிக்கொள்வதால் பின்வாங்க முடியாது. திமிறத் திமிற இழை தோலை அறுக்கும். பழந்தின்னி வௌவாலும் இப்படித்தான் சிக்கும். 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வெள்ளை வலையைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, தினமும் காலையில் பாருங்கள். குரங்கு இதையும் கிழித்துவிடும். கத்தரி, தக்காளி தப்ப வேண்டுமானால் 25 மில்லிமீட்டர் கம்பிவலையில் கூரையோடு கூண்டுதான் வழி. கதவுக்குக் கொக்கி போதாது, பூட்டுப் போடுங்கள்.

காட்டுப்பன்றி வேலியின் அடியை மூக்கால் நெம்பும். அதனால் வலையைத் தரையோடு நிறுத்தாமல், கீழே 60 சென்டிமீட்டரை வெளிப்பக்கம் மடக்கித் தரையில் பரப்பி, அரை மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். பன்றி அந்த வலைமேலேயே நின்று தோண்டப் பார்க்கும், மண் கிடைக்காது. வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பது ஆளைக் கொல்லும். கண்ணி வைப்பது மலேசியாவின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காட்டோரம் மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம் வேண்டாம். செராய் (எலுமிச்சைப்புல்), மிளகாய், கறிவேப்பிலையைக் குரங்கு பெரும்பாலும் சீண்டாது.

டுரியான் பூக்கும் காலத்தில் விளக்குப் போட்டு வௌவாலை விரட்டாதீர்கள். மாலையில் மலரும் அந்தப் பூவுக்கு, இரவில் தேன் குடிக்க வரும் சிறு வௌவால்தான் மகரந்தம் கொண்டுவருகிறது. அது வராவிட்டால் காய்ப்பு குறையும்.