மாதிரி டாங்கிகளில் குறியீடுகளைப் பிழையின்றி ஒட்டுவது எப்படி?

டெக்காலை, அதாவது வண்டியில் ஒட்டும் குறியீட்டுப் படத்தை, தண்ணீரில் நனைப்பதற்கு முன்பே எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்பதை முடிவு செய்து, அதே வண்டியின் பழைய புகைப்படம் ஒன்றையாவது தேடிப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் வரும் தாளை மட்டும் நம்புவது போதாது.

1939இல் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மானிய டாங்கிகளில் முழு வெள்ளைச் சிலுவை இருந்தது. எதிரியின் பீரங்கிகள் குறிவைக்க அதுவே வசதியாகிப்போனதால், பின்னர் கறுப்பு நடுவும் வெள்ளை ஓரமும் கொண்ட சிலுவை வழக்கத்துக்கு வந்தது. ஆகவே, 1943 பிப்ரவரியில் அறிமுகமான அடர்மஞ்சள் வண்ணத்தின்மேல் அந்த முழு வெள்ளைச் சிலுவையை ஒட்டுவது பெரும்பிழை. டரட்டில் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதியில்) உள்ள எண்ணும் வெறும் அலங்காரம் அன்று: இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள ஜெர்மானிய டைகர் டாங்கியில் உள்ள 131, முதல் கம்பெனி, மூன்றாம் பிளட்டூன், முதல் வண்டி என்பதைக் குறிக்கிறது.

ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள். சொரசொரப்பான பரப்பில் டெக்காலின் அடியில் காற்று தங்கி, ஓரம் வெள்ளி போல் மின்னும். நன்கு காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் பூசலாம்.