நீக்கப்பட்ட உயர் அதிகாரி எங்கே முறையிடுவது? பிலிப்பைன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸில் மேட்லிங் என்ற நிறுவனத்தில் 1966-இல் கணக்கு எழுதுபவராகச் சேர்ந்த ஒருவர், படிப்படியாக உயர்ந்து நிதி, நிர்வாகத்துக்கான துணைத் தலைவரானார். 2000-இல் அவரை நீக்கினார்கள். அவர் தொழிலாளர் நடுவரிடம் போனார். அவர் நிறுவன அலுவலர், இயக்குநர், பங்குதாரரும்கூட; அதனால் இது கம்பெனியின் உள்விவகாரம், இங்கே விசாரிக்க முடியாது என்றது நிறுவனம். எங்கே விசாரிப்பது என்ற அந்த ஒரு கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொன்னது 2010 அக்டோபரில். பத்து ஆண்டுகள்! வேலை இழந்த மனிதருக்கு அது எவ்வளவு நீண்ட காலம்!

அங்கே சாதாரண ஊழியரின் பணிநீக்க வழக்கு, தேசிய தொழிலாளர் உறவு ஆணையத்தின் கீழுள்ள தொழிலாளர் நடுவரிடம் போகும். 'நிறுவன அலுவலர்' என்ற வகையில் வருபவரின் வழக்கு மண்டல விசாரணை நீதிமன்றத்துக்கு. பழைய புத்தகங்களைப் பார்த்துவிட்டு, நிறுவனங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் பங்குப் பத்திர ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டாம்; 2000-இல் வந்த குடியரசுச் சட்டம் 8799 அந்த அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டது.

பெரிய தவறு, பதவியின் பெயரை நம்புவது. விசிட்டிங் கார்டில் 'துணைத் தலைவர்' என்று இருப்பதால் யாரும் நிறுவன அலுவலர் ஆகிவிடுவதில்லை. அந்தப் பதவியைக் கம்பெனிச் சட்டமோ நிறுவனத்தின் துணைவிதிகளோ (அதன் உள் நிர்வாக விதிகள்) பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டும். இயக்குநர் குழு தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 2019-இன் திருத்திய கம்பெனிச் சட்டம் தலைவர், பொருளாளர், செயலாளர் ஆகியோரைச் சொல்கிறது. பொதுநலன் சார்ந்த நிறுவனமானால், சட்டங்கள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்க அதிகாரியும் உண்டு. மற்றவை துணைவிதிகளைப் பொறுத்தவை. 'தேவைப்பட்டால் வேறு பதவிகளையும் உருவாக்கலாம்' என்ற பொது வரியைக் காட்டி நிறுவனங்கள் வாதாடுவது வழக்கம். மேட்லிங் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தலைவர் தம் விருப்பப்படி உருவாக்கிய பதவியில் இருப்பவர் ஊழியர்தான். இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் யாருக்கும் ஒரு பட்டத்தைச் சூட்டி, பணிப் பாதுகாப்பைப் பறித்துவிட முடியும்.

பங்கு வைத்திருப்பதாலேயே அது உள்விவகாரம் என்று முடிவுகட்டுவதும் பிழை. நிறுவனத்துக்கும் நீக்கப்பட்டவருக்கும் என்ன உறவு என்பதோடு, தகராறு எதைப் பற்றியது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். மேட்லிங் வழக்கில் அவர் துணைத் தலைவரானது பங்குகளாலோ இயக்குநர் பதவியாலோ அல்ல; உழைத்து ஏறிய படிகளால்.

உண்மையிலேயே நிறுவன அலுவலராக இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. நீக்கத்தை நீதிமன்றத்திலும், சம்பளப் பாக்கியைத் தொழிலாளர் நடுவரிடமும் கேட்கலாம் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அப்பதவியோடு வந்த சம்பளமும் சலுகைகளும் அதே தகராறின் பகுதிதான். நீதிமன்றத்திலேயே கேட்க வேண்டும்.

எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை என்று நிம்மதியடையவும் கூடாது. வழக்கின் பொருள் மீதான விசாரணை அதிகாரம் சட்டம் தருவது. இருதரப்பும் சம்மதித்தாலும் வராது. ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டில்கூட அந்தக் கேள்வி எழலாம்.

சட்டவிரோதப் பணிநீக்கத்துக்கு முறையிட நான்கு ஆண்டுகள், ஊழியரின் பணக் கோரிக்கைக்கு மூன்று. அதனால் மனு எழுதும் முன்பே, பங்குப் பத்திர ஆணையத்தில் தாக்கலான துணைவிதிகளின் நகலையும், உங்களை நியமித்த தீர்மானம் அல்லது கடிதத்தையும் வாங்கி, யார் கையொப்பமிட்டிருக்கிறார் என்று பாருங்கள்.