மிச்சிகன் விபத்துக் காப்பீடு: முதலில் தேதியைப் பாருங்கள்

மிச்சிகனில் கார் விபத்தில் அடிபட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா? காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன், விபத்து நடந்த தேதியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் மீது தவறு என்று பாராமல் அவரவர் காப்பீடே மருத்துவச் செலவைத் தரும் நோ-ஃபால்ட் முறை இங்கே 1973 முதல் இருக்கிறது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 11-க்கு முன் அடிபட்டவர்களுக்குப் புதிய கட்டணக் குறைப்பும், குடும்பத்தார் செய்யும் பராமரிப்புக்கு வாரம் 56 மணி நேரம் என்ற வரம்பும் செல்லாது என்று, ஆண்டரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஜூலை 31 அன்று தீர்ப்பளித்தது. தொலைபேசியில் பேசுபவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தேதியோடு சொல்லுங்கள்.

என் கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது 2017-இல். தீர்ப்பு அவருக்குப் பொருந்தும். ஆனால் அது வந்த வேளையில் எங்களுக்குப் பராமரிப்பு ஆள் அனுப்பிய நிறுவனமே இல்லை. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கட்டணப் பட்டியலில் இல்லாத சேவைகளுக்கு, பராமரிப்பு நிறுவனம் 2019 ஜனவரியில் கேட்ட தொகையில் 55 விழுக்காடுதான் என்று 2021 ஜூலையில் வந்த விதி அதை மூடவைத்துவிட்டது. இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது என் பொறுப்பாயிற்று. வாரத்தின் 57-ஆவது மணியில் நான் செய்தது மட்டும் பராமரிப்பு இல்லையாம்!

எனவே ஒரு நோட்டுப் போடுங்கள். "உதவி செய்தேன்" என்று எழுதினால் ஒரு காசு வராது. "இரவு 2.10, இடப்பக்கம் புரட்டினேன், இடுப்பில் சிவப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நாள் முழுக்க எத்தனை மணி நேரம், எந்த வகை உதவி தேவை என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாதந்தோறும் அனுப்பி, அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். போதிய ஆதாரம் போய்ச் சேர்ந்து 30 நாளில் பணம் வராவிட்டால் அது தாமதம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. கேளுங்கள், தானாகத் தரமாட்டார்கள்.

விபத்து 2019 ஜூன் 11-க்குப் பிந்தியது என்றால் 56 மணி நேர வரம்பு உண்டு. ஆனால் அதற்கு மேலும் தரக் காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது; மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். விபத்து 2020 ஜூலைக்குப் பிறகு என்றால், எந்தத் தொகைக்குப் பாலிசி எடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள்.

இன்னும் யாருக்கும் எதுவும் ஆகாத வீட்டுக்காரர்களுக்கு: பாலிசியைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் செலவுக்கு வரம்பில்லாதது, 5,00,000 டாலர், 2,50,000 டாலர் என்று வரிசையாகக் காட்டுவார்கள். மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிகேர் உள்ளவர்களுக்கு இன்னும் குறைத்தும் காட்டுவார்கள். வரம்பில்லாததையே எடுங்கள். வேலையிடத்து மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். வீட்டில் இரவும் பகலும் ஆள் வைத்துப் பார்ப்பதற்கு அது பொதுவாகப் பணம் தராது.

மறுப்பு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். மாநிலக் காப்பீடு, நிதிச் சேவைகள் துறையில் புகார் செய்யலாம், ஆனால் புகார் வழக்காகாது. ஓராண்டுக்கு முந்திய செலவை நீதிமன்றத்தில் கேட்பது கடினம், வழக்கறிஞரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள்.